அன்றைக்கே வீடு திரும்பலாமா?



கொக்குவிலைச் சேர்ந்த வாசகி ஒருவரின் கடிதம் வந்திருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய தம்பிக்கு மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் குத்தியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலுக்குப் போகும் இரத்தக்குழாயில் கட்டி இருக்கிறது என்றார்கள். பின்னேரமே குளிசையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "இவ்வளவு பெரிய வருத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டு ஒரு இரவுகூட வைத்துப் பார்க்காமல் விட்டது சரியா? எங்கட ஆக்களை அங்கே கவனிக்கிறார்கள் இல்லையா?" என்று அந்த அக்கா கேட்கிறார். இதே கேள்வி இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே இம்முறை இந்தப் பக்கத்தை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அவருடைய பயம் நியாயமானது. பல்மனரி எம்பொலிசம் என்று வைத்தியர்கள் சொல்லும் இந்த நோய் பெரும்பாலும் காலில்தான் தொடங்குகிறது. தொடையிலும் கெண்டைக்காலிலும் ஆழத்தில் ஓடும் நாளங்களில் குருதி உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி கழன்று, இதயத்தின் வலப்பக்கத்தைத் தாண்டி, நுரையீரல் நாடிக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. சிறிய கட்டி என்றால் குத்தலும் இளைப்பும் வரும். பெரியது என்றால் இதயத்தின் வலப்பக்கம் இரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும், இரத்த அழுத்தம் விழும், ஆளும் விழுவார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு, தொடையெலும்பு முறிந்து படுத்திருக்கும்போது, புற்றுநோய் உள்ளவர்களுக்கு, பிள்ளை பெற்ற முதல் ஆறு கிழமைக்குள், நீண்ட நேரம் விமானத்தில் முடங்கியிருந்து வந்த பின் இது வரக்கூடும். நல்லூர்த் திருவிழாவுக்காகக் கனடாவிலிருந்து பறந்துவந்து இறங்குபவர்கள் ஒரு கால் மட்டும் வீங்கினால் அதைப் பயணக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது.

மருந்து கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை 1960இல் இங்கிலாந்தின் பிரிஸ்ரல் நகரில் பாரிற், ஜோர்டன் என்ற இரு வைத்தியர்கள் காட்டினார்கள். குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து (உறையாமருந்து) கொடுக்கப்படாத 19 பேரில் 5 பேர் இந்த நோயாலேயே இறந்தார்கள். மருந்து பெற்ற 16 பேரில் இந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. இனியும் மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பது தகாது என்று அந்த ஆய்வின் அப்பகுதியை இடையில் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இந்த நோயில் உயிரைக் காப்பது அந்த மருந்துதான். கட்டில் காப்பாற்றுவதில்லை. இதை முதலில் மனதில் பதித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

அப்படியானால் ஏன் இத்தனை காலம் நோயாளிகளை வாட்டில் நிற்பாட்டினார்கள்? அந்தக் காலத்து உறையாமருந்தான ஹெப்பாரினை நாளத்துக்குள் இடைவிடாமல் ஏற்ற வேண்டும். சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். பக்கத்திலேயே வார்பாரின் குளிசையைத் தொடங்கி, அது பிடிக்கும்வரை ஐந்து நாளாவது காத்திருக்க வேண்டும். வீட்டில் இதெல்லாம் நடக்காது. எழுந்து நடந்தால் கட்டி மறுபடி கழன்றுவிடும் என்ற பயமும் சேர்ந்திருந்தது. மருந்து தொடங்கிய பின் மெல்ல நடப்பதால் ஆபத்துக் கூடுவதில்லை என்று பின்னர் தெரியவந்தது.

தோலுக்குக் கீழே ஏற்றும் புதுவகை ஹெப்பாரின் வந்ததும் நிலைமை மாறியது. உடல் நிறையைப் பார்த்து அளவைத் தீர்மானித்துவிட்டால் வயிற்றுத் தோலில் தானே குத்திக்கொள்ளலாம், இன்சுலின் போடுகிறவர்கள் செய்வதுபோல. காலில் மட்டும் கட்டி உள்ளவர்களை வீட்டில் வைத்தே பார்க்கலாம் என்று 1996இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் சொல்லின. நுரையீரலுக்குப் போய்விட்ட கட்டிக்கு அந்தத் துணிச்சல் வர இன்னும் சில காலம் பிடித்தது. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்து வைத்தியர்கள் 2000ஆம் ஆண்டிலேயே தங்கள் அனுபவத்தை வெளியிட்டார்கள். ஆகவே கொக்குவில் அக்காவுக்கு ஒன்று சொல்லலாம்: உங்கள் தம்பிக்குச் செய்தது அந்த மாகாணத்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் பழகிவரும் முறை. அது அலட்சியம் இல்லை.

உறுதியான பதில் 2011இல் வந்தது. எங்கள் பிள்ளைகள் பலர் குடியிருக்கும் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரைச் சேர்ந்த வைத்தியர் அவுயெஸ்கியின் தலைமையில், சுவிஸ், பிரான்ஸ், பெல்ஜியம், அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் 19 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ஆபத்துக் குறைந்த நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். 171 பேர் வீட்டில், 168 பேர் வாட்டில். 90 நாளுக்குள் வீட்டில் இருந்தவர்களில் ஒருவருக்குக் கட்டி திரும்பி வந்தது, வாட்டுப் பக்கத்தில் எவருக்கும் வரவில்லை. இரண்டு பக்கத்திலும் ஒவ்வொருவர் இறந்தார்கள். முதல் 14 நாளில் கடும் இரத்தப்பெருக்கு வீட்டுப் பக்கத்தில் இருவருக்கு ஏற்பட்டது, வாட்டுப் பக்கத்தில் இல்லை. இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். அந்த முடிவை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு இரத்தப்பெருக்கை மறந்துவிட்டு ஏற்றுக்கொள்ளக் கூடாது. வீட்டில் இருப்பவருக்கு எங்கே கவனம் வேண்டும் என்பதை அவை காட்டுகின்றன.

அந்த ஆய்வில் எண்களைவிட என் மனதில் நின்றது இன்னொன்று. வீட்டுக்கு அனுப்பியவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். முதல் கிழமை முழுவதும் நாள்தோறும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சுகம் விசாரித்தார்கள். வீட்டு வைத்தியம் பாதுகாப்பானது என்று சொல்லும்போது அந்தத் தொலைபேசி அழைப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். அழைப்பை எடுத்துவிட்டு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டால் அந்த ஆய்வு எங்களுக்கு எந்த உத்தரவாதமும் தராது.

அதே ஆண்டில் நெதர்லாந்து வைத்தியர்கள் ஹெஸ்ரியா என்ற பெயரில் பதினொரு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை 297 பேரில் பரிசோதித்தார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் வீடு, ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் வாட்டு. இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு நிலைகுலைந்திருக்கிறதா? கட்டியைக் கரைக்கும் மருந்து தேவையா? ஒட்சிசன் கொடுத்துத்தான் வைத்திருக்க வேண்டுமா? இரத்தப்பெருக்கு ஆபத்து உண்டா? உறையாமருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே கட்டி வந்ததா? ஊசியால் மட்டுமே அடங்கும் நோவா? சிறுநீரகமோ ஈரலோ கடுமையாகப் பழுதா? கர்ப்பிணியா? இப்படிப் போகிறது அது. 2021இல் வெளிவந்த இன்னொரு ஐரோப்பிய ஆய்வில் 1,974 பேரைப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடியவர்களே இந்த வகைச் சல்லடையைத் தாண்டி வீட்டுக்குப் போனார்கள். அதாவது மிச்சம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஐரோப்பாவிலும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்கள். வெளிநாட்டில் எல்லாரையும் உடனே அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு, "எங்களுக்கும் துண்டை வெட்டுங்கோ டொக்டர், கலியாண வீடு இருக்குது" என்று நச்சரிப்பவர்கள் தயவுசெய்து இந்தக் கணக்கைப் பாருங்கள். வைத்தியர் நில் என்றால் நிற்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் ஒரு கேள்வி உடம்பைப் பற்றியது மட்டுமல்ல. மருத்துவக் காரணத்தாலோ குடும்பச் சூழ்நிலையாலோ இவரை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டுமா என்று அது கேட்கிறது. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

எங்கள் ஊர்களில் இன்று எப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன? மேல்மாடி, மாபிள் நிலம், உயர்ந்த மதில், நாலு மூலையிலும் கமெரா. உள்ளே எழுபது தாண்டிய தாயும் தகப்பனும், சில வீடுகளில் தாய் மட்டும். பிள்ளைகள் லண்டனிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும். இரவு இரண்டு மணிக்கு அம்மாவுக்கு இளைத்தால் மகன் கைத்தொலைபேசியில் அதைப் பார்க்கலாம். கேற்றைத் திறந்து அம்புலன்ஸ்காரரை உள்ளே விட ஆள் வேண்டுமே. மாறாக, பாசையூரில் இரண்டு அறை வீட்டில் இருக்கும் ஒரு கிழவிக்கு மகள் கூடவே படுக்கிறாள், மருமகனிடம் ஓட்டோ நிற்கிறது, அடுத்த வீட்டுக்காரி கூப்பிட்ட குரலுக்கு வருகிறாள். இந்த இரண்டில் எது பாதுகாப்பான வீடு? வீட்டைப் பார்த்து அனுப்பும்போது வைத்தியர்கள் கல்லையும் சீமெந்தையும் பார்க்கக் கூடாது. யார் கூட இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டால் நாங்களும் மானம் பார்க்காமல் உண்மையைச் சொல்ல வேண்டும். "பிள்ளையள் எல்லாம் இருக்கினம்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் இருப்பது ஏழு கடலுக்கு அப்பால் என்பதை விழுங்கிவிடுகிறோம்.

அடுத்தது தூரம். பருத்தித்துறையிலிருந்து யாழ் நகரம் ஏறத்தாழ 33 கிலோமீற்றர். 2018 ஜூலையில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை வடக்குக்கும் வந்த பிறகு தரைவழியில் இருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். இலக்கத்தை அழுத்தினால் கட்டணம் இல்லாமல் வருகிறார்கள். தீவுகளின் கதை வேறு. நெடுந்தீவுக்குக் குறிகாட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலமளவு ஆகும். சோளகம் அடிக்கும் மாதங்களில் கடல் எப்படி இருக்கும் என்பதை அந்தப் படகில் போய்வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரவில் ஒரு நோயாளியைக் கொண்டுவருவது கடற்படையின் படகையும் காற்றின் தயவையும் பொறுத்தது. ஆகவே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுக்காரர்களுக்கு இந்த நோயில் 'வீடு' என்பது முதல் ஒன்று இரண்டு கிழமைக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு உறவினர் வீடாக இருக்கட்டும். அப்படி ஒரு வீடு இல்லையென்றால் வாட்டிலேயே வைத்திருக்கும்படி கேளுங்கள். கட்டில் பிடித்துக்கொண்டிருப்பதாக யாராவது முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

காசைப் பற்றியும் பேச வேண்டும், இது எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. எங்கள் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் கட்டில், சாப்பாடு, மருந்து எல்லாம் இலவசம். ஆனால் கையிருப்பில் இல்லாத மருந்துக்கு வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தருவார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் எத்தனை குடும்பங்கள் அந்தத் துண்டோடு பாமசி பாமசியாக அலைந்தன என்பது எல்லாருக்கும் தெரியும். வீட்டு வைத்தியம் என்ற பெயரில் செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுந்துவிடக் கூடாது. இன்று உலகெங்கும் வீட்டு வைத்தியத்தை இலகுவாக்கியிருப்பது றிவரொக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புதிய குளிசைகள். ஊசியும் இல்லை, அடிக்கடி இரத்தம் பார்க்கும் வேலையும் இல்லை. றிவரொக்ஸபானை முதல் 21 நாளும் 15 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை எடுக்க வேண்டும், பிறகு 20 மில்லிகிராம் ஒரு வேளை. சிகிச்சை குறைந்தது மூன்று மாதம். கட்டி திரும்பிவரும் ஆபத்து மிகக் கூடியது அந்த முதல் கிழமைகளில்தான். நாட்கூலிக்குப் போகும் ஒருவர் பத்து நாளுக்கு வாங்கி, குத்தல் நின்றதும், "சுகமாயிற்று, காசை ஏன் கரியாக்குவான்" என்று நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? ஆகவே எங்கள் சுகாதாரத் திணைக்களத்திடம் ஒரு வேண்டுகோள்: இந்த நோயாளி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுமுன் முதல் 21 நாளுக்கான மருந்து அவர் கையில் இருக்க வேண்டும். அதைக் கொடுக்க முடியாதென்றால் அவரை வீட்டுக்கு அனுப்பும் நேரம் இன்னும் வரவில்லை.

வீடு தேடிப்போய்க் கவனிப்பது இந்த நாட்டுக்குப் புதிதில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கிய நாளிலிருந்து வளர்ந்த சேவை அது. இன்றும் எந்த ஒழுங்கைக்குள்ளும் குடும்பநல உத்தியோகத்தர் சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ வந்து பிள்ளை பெற்ற தாயைப் பார்க்கிறார். 2021இல் கொரோனா பெருகியபோது, ஆபத்துக் குறைந்தவர்களை வீட்டிலேயே வைத்து 1390 என்ற இலக்கத்தினூடாக வைத்தியர்கள் கண்காணித்தார்கள். விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவியை அப்போது எத்தனையோ குடும்பங்கள் பழகிக்கொண்டன. அந்தக் கருவி இன்னும் பல வீட்டு அலுமாரிகளில் கிடக்கிறது. வடமாகாணத்தின் ஒரே போதனா வைத்தியசாலையான யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும், தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலும் இந்த நோயாளிகளுக்கென்று ஒரு தொலைபேசி, அதை எடுக்க ஒரு தாதிய உத்தியோகத்தர், முதல் கிழமைக்குள் ஒரு கிளினிக் திகதி என்று ஒழுங்கு செய்தால், ஆபத்துக் குறைந்த எத்தனையோ பேர் தங்கள் வீட்டிலேயே நிம்மதியாகத் தேறலாம். கட்டிலும் அது உண்மையாகத் தேவைப்படுபவருக்குக் கிடைக்கும். நான் இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

இனி வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சில விஷயங்கள். வீங்கிய காலுக்கு நோவெண்ணெய் போட்டு உருவாதீர்கள், பக்கத்துவீட்டு அன்னம்மாக்கா எவ்வளவு கைராசிக்காரி என்றாலும். கட்டி கழன்று மேலே போக நாமே வழி செய்ததாகிவிடும். மூச்செடுக்கக் குத்தினால் வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டாம்.

றிவரொக்ஸபான் 15, 20 மில்லிகிராம் குளிசைகளைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் உடம்பு அதைச் சரியாக உறிஞ்சாது. கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருக்கும் அம்மாமாருக்கு இதைச் சொல்லும்போது எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. என்றாலும் சொல்கிறேன், இந்த மூன்று மாதத்துக்குள் விரதம் வந்தால் முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள். முருகன் பொறுத்துக்கொள்வான். வார்பாரின் எடுப்பவர்களுக்கு முருங்கையிலையும் வல்லாரையும் விலக்கு இல்லை. ஒரு கிழமை நாள்தோறும் கீரை, அடுத்த கிழமை ஒன்றுமே இல்லை என்று ஏற்றி இறக்கினால்தான் இரத்தப் பரிசோதனைக் கணக்குக் குழம்பும். ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்.

மாரியில் டெங்கு பரவும் எங்கள் ஊரில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. உறையாமருந்து எடுக்கும் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே வைத்தியரிடம் போய், இந்த மருந்து எடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். டெங்கில் குருதிச் சிறுதட்டுகள் குறையும்போது இந்த மருந்தும் சேர்ந்தால் இரத்தப்பெருக்கு ஆபத்துக் கூடும். அதே நேரம் தானாக மருந்தை நிறுத்துவதும் ஆபத்து. முடிவை வைத்தியரிடம் விடுங்கள். காய்ச்சலுக்கும் நோவுக்கும் டைக்ளோபெனாக், இபுபுரூபன், அஸ்பிரின் என்று பாமசியில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். பாம்பு கடித்தாலும் இதே கதைதான். கண்ணாடி விரியன் விஷம் குருதி உறைவதையே குலைப்பது, வைத்தியர்கள் உறைவைச் சோதித்துத்தான் மருந்து தீர்மானிப்பார்கள். உறையாமருந்து எடுப்பதை அவர்களிடம் சொல்லாமல் விட்டால் கணக்குப் பிழைக்கும். பனையேறும் சகோதரர்கள் மறுபடி எப்போது ஏறலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டறிந்த பிறகே தளநாரைக் கையில் எடுங்கள்.

திடீரென இளைப்புக் கூடினால், தலைசுற்றி விழுந்தால், இரத்தமாக இருமினால், மலம் கறுப்பாகப் போனால், தலையில் அடிபட்டால் பொழுது விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. 1990ஐ அழுத்துங்கள்.

கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய திகதி, இரவில் கூப்பிட வேண்டிய இலக்கம், கேற் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பது உட்பட எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி, கூட இருப்பவருக்கும் காட்டி வையுங்கள்.

உங்களில் யாராவது இந்த நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். உள்ளூரிலோ வெளிநாட்டிலோ, எங்கே என்றாலும் சரி. குளிசைக்கு எவ்வளவு செலவானது, ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது கூப்பிட்டார்களா, அவசரத்தில் எப்படிக் கொண்டுபோனீர்கள், தீவுக்காரர் என்றால் கடலை எப்படிக் கடந்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். பெயர்களை வெளியிடமாட்டோம். வரும் கடிதங்களைத் தொகுத்து, மேலே நான் கேட்டிருக்கும் தொலைபேசிக்கும் 21 நாள் மருந்துக்குமான வேண்டுகோளோடு மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் நேரில் கையளிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்